இல்லாத பிடித்தம்

என் அப்பா என் கம்பெனிக்கு எதிராக எழுதிய மனு ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதிவுத் தபாலில் வந்து சேர்ந்தது. கணக்குப் பிரிவு மேடம் என்னைக் கூப்பிட்டு, மேசைமேல் அதை என் பக்கமாகத் திருப்பி வைத்தார். கோடு போட்ட முழுத்தாள், இரண்டு பக்கம். நீல மையில் எழுத்து, சிவப்பு மையில் அடிக்கோடு. 'பொருள்: பயிற்சிப் பொறியாளரின் சம்பளத்தில் சட்டவிரோதமாகச் செய்யப்படும் வைப்புத்தொகைப் பிடித்தத்தை நிறுத்தி, இதுவரை பிடித்த தொகையைத் திருப்பித் தரக் கோருதல்.' கடைசியில் அப்பாவின் கையெழுத்து. அதற்கும் கீழே, ஏழு நாளில் பதில் இல்லையென்றால் நகல் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போகும் என்று ஒரு வரி. அந்த வரிக்கு மட்டும் இரட்டைக் கோடு.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "இப்படி ஒரு பிடித்தம் நாம எந்த மாசம்மா பிடிச்சோம்?"

எந்த மாதமும் பிடிக்கவில்லை. அது நான் பெற்று வளர்த்த பொய். அதற்கு அப்போது ஏழு மாத வயது.

பொய் சொன்னதற்காக நான் வெட்கப்படவில்லை. மாட்டிக்கொண்டதற்காகத்தான் எரிச்சல். நான் இருந்த நிலைமையில் இருந்தால் நீங்களும் சொல்லியிருப்பீர்கள். ஒருவேளை என்னைவிட மோசமாக.

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது. மின்னியல். அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு இந்த ஊரில் லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் பயிற்சிப் பொறியாளராகச் சேர்ந்தேன். காலையில் ஒரு மெக்கானிக்கோடு கிளம்பி அடுக்குமாடி அடுக்குமாடியாகப் போய், லிஃப்ட்டின் கூரைமேல் ஏறி கம்பி வடத்தைப் பார்ப்பது, அடியில் குழிக்குள் இறங்கி எண்ணெய்க் கசிவைப் பார்ப்பது, அறிக்கை எழுதுவது. பணக்காரக் கட்டடங்களின் லிஃப்ட்டுகளில் குளிர்சாதனம் உண்டு. மூன்று பக்கம் கண்ணாடி, தரையில் பளிங்கு. ஆறடிக்கு ஏழடி. அதில் ஒரு வீட்டு நாய் தினமும் காலை ஒரு நிமிடம் நின்றுகொண்டு கீழே போகும், ஒரு நிமிடம் நின்றுகொண்டு மேலே வரும். நான் படுத்திருந்த இடம் ஆறடிக்கு இரண்டரையடி.

அது பெண்கள் விடுதி. ஒரு அறைக்கு ஆறு பேர், மூன்று இரட்டை அடுக்குக் கட்டில். எனக்கு மேல் கட்டில். கூரை அவ்வளவு கிட்டத்தில் இருந்ததால் அதில் நிமிர்ந்து உட்கார முடியாது. படுக்கலாம், அல்லது இறங்கலாம். என் கீழ்க்கட்டிலில் இருந்த நர்ஸக்கா, "நீ இங்க வாடகைக்கு இல்லடி, அலமாரியில வச்சிருக்காங்க" என்பாள். ஆறு பேருக்கும் ஆறு அலாரம். குளியலறைக்கு முறை. உள்ளே ஏழு நிமிடத்தைத் தாண்டினால் கதவு தட்டப்படும்; ஒன்பதைத் தாண்டினால் நம் பரம்பரையே திட்டப்படும். இதற்கு வாடகை என் சம்பளத்தில் கால்வாசிக்கு மேல். இந்த ஊரில் அது மலிவாம்.

மீதியில் சாப்பாடு, பஸ், சோப்பு, போன். இரண்டு நிறுத்தம் முன்னாடியே இறங்கி நடந்தால் டிக்கெட் ஒரு படி குறையும் என்று முதல் வாரமே கண்டுபிடித்தேன். ஒரு மாதம் நடந்து மிச்சம் பிடித்ததைச் செருப்புத் தைக்கக் கொடுத்தேன். சிக்கனம் பற்றி அறிவுரை சொல்கிறவர்கள் யாரும் செருப்பைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இனி வீடு. அப்பா ஒரு பஸ் டிப்போவில் டயர் கழற்றி மாட்டுகிறவர். சங்கத்தில் அவர் தலைவரும் இல்லை, செயலாளரும் இல்லை, மனு எழுதுகிறவர். யாருக்கு மெமோ வந்தாலும், யாருடைய லீவு மறுக்கப்பட்டாலும், "டயர்காரரைக் கூப்பிடு" என்பார்கள். ரப்பர்க் கறை ஏறிய நகத்தோடு உட்கார்ந்து அச்சடித்த மாதிரி எழுதிக் கொடுப்பார். அம்மா ஒரு பள்ளிக்கூட விடுதியில் சமைக்கிறாள். அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: 'இல்லை' என்ற சொல் அவள் வாயில் வராது. கேட்டவருக்குக் கொடுப்பாள், கேட்காதவருக்கு "ஏன் மூஞ்சி வாடியிருக்கு" என்று கேட்டுக் கொடுப்பாள்.

ஆகவே என் முதல் சம்பளம் வருவதற்கு முன்பே அதற்கு வாரிசுகள் பிறந்துவிட்டார்கள். பெரியப்பா மகனுக்குக் கல்லூரிக் கட்டணம். மாமாவின் கண் ஆபரேஷன். பக்கத்து வீட்டு அக்காவுக்கு, அவள் யாரென்றே எனக்குச் சரியாகத் தெரியாது, கேஸ் அடுப்பு. எல்லாம் நியாயமான செலவு. அதுதான் கொடுமை. ஒன்றாவது அநியாயமாக இருந்தால் சண்டை போட்டிருப்பேன். சம்பளம் வந்த அன்றே அனுப்பினேன். அடுத்த இருபது நாள் இரவுச் சாப்பாடு ரொட்டி. நர்ஸக்கா ஒரு முட்டை கொடுத்தால் அன்று விருந்து.

இரண்டாம் மாதம் அம்மா போனில் எவ்வளவு வந்தது என்று கேட்டபோது, அரை நொடி யோசித்துவிட்டு, ஒரு தொகையைக் குறைத்துச் சொன்னேன். மிச்சம் எங்கே என்றாள். பிடித்தம் என்றேன்.

"பிடித்தம்னா? உன்னைப் பிடிச்சுப் போச்சுன்னு கூடக் கொடுப்பாங்களா?"

"இல்லம்மா. பிடிச்சு வச்சுக்குவாங்க."

"நல்லாருக்கே. நமக்கு ஒருத்தரைப் பிடிச்சா நாம கொடுப்போம். அவங்களுக்குப் பிடிச்சா அவங்க எடுத்துக்குவாங்களா?"

நான் சிரித்தேன். அம்மாவும் சிரித்தாள். பின்னால் அப்பாவின் குரல் மட்டும் சிரிக்கவில்லை. என்ன பிடித்தம், எந்த விதியில் என்று கேட்டது.

அங்கேதான் தப்புச் செய்தேன். ஏதோ பிடிக்கிறார்கள், தெரியவில்லை என்று விட்டிருக்கலாம். நானோ படித்தவள், பயிற்சி வைப்புத்தொகை, இரண்டு வருடம் கழித்துத் திருப்பித் தருவார்கள் என்று பேரும் ஊரும் வைத்துச் சொன்னேன். பெயரில்லாத பொய்யை எதிர்த்து யாரும் மனுப் போட முடியாது. நான் பொருள் வரியையே எழுதிக் கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அப்பா விசாரணை நடத்தினார். உத்தரவு நகல் உண்டா, எல்லாரிடமும் பிடிக்கிறார்களா, கையெழுத்து வாங்கினார்களா. நானும் மழுப்பிக்கொண்டே இருந்தேன். இருபத்தாறு வருடமாக நிர்வாகங்கள் மழுப்புவதைப் பார்த்தவரிடம் மழுப்பினால் அவர் என்ன நினைப்பார்? பிள்ளையை மிரட்டி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தார்.

அந்தப் பணத்தை என்ன செய்தேன் என்றால், சேர்த்தேன். ஒரு அறைக்காக.

பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றின் மொட்டைமாடியில், லிஃப்ட் மெஷின் ரூமை ஒட்டி, ஒரு சின்ன அறை. முன்பு தட்டுமுட்டுச் சாமான் போட்டு வைத்தது. ஒரு ஜன்னல், ஒரு குழாய், பக்கத்திலேயே குளியலறை. கட்டடச் சங்கத்துச் செயலாளர் அதை வாடகைக்கு விட இரண்டு வருடமாக முயன்று பார்த்துத் தோற்றிருந்தார். யார் வந்து பார்த்தாலும் பத்து நிமிடத்தில் ஓடிப்போவார்கள். லிஃப்ட் நகரும்போதெல்லாம் அறையின் தரை உறுமும். நிற்கும்போது சுவரில் 'டக்' என்று ஓர் அடி. பேய் என்றுகூட ஒருத்தி சொன்னாளாம். எனக்கு அந்தப் பேயின் ஊர் பேர் தெரியும். மெஷினுக்கு அடியில் இருக்கும் ரப்பர்க் கட்டைகள் இறுகிப் போயிருந்தன. அதிர்வெல்லாம் தரைக்கு இறங்குகிறது. மாற்றினால் பாதி சத்தம் போய்விடும் என்று அறிக்கையிலும் எழுதினேன். அந்த அறையின் வாடகை என் அலமாரித் தட்டைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஆனால் அட்வான்ஸ் ஐந்து மாத வாடகை. ஏழு மாதமாக நான் பிடித்ததும் சரியாக அவ்வளவுதான். வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் கொடுக்கவில்லை என்றால் தண்ணீர் கேன் வியாபாரி ஒருவருக்குக் கிடங்காகக் கொடுத்துவிடுவதாகச் செயலாளர் சொல்லியிருந்தார். மனு வந்தது செவ்வாய்க்கிழமை.

பதிவுத் தபாலுக்கு எழுத்தில்தான் பதில் போக வேண்டும் என்பது கம்பெனி விதி என்றார் மேடம். 'அப்படி ஒரு பிடித்தம் இல்லை' என்று எழுதினால் என் பொய் கம்பெனி முத்திரையோடு வீடு போய்ச் சேரும். இரண்டு நாள் கொடுங்கள், நானே சொல்லிவிடுகிறேன் என்றேன். மேடம் என்னைத் திட்டவில்லை. மனுவை இன்னொரு தரம் பார்த்துவிட்டு, இந்தக் கையெழுத்து உங்கள் அப்பாவுடையதா, இப்படி எழுதுகிற ஆட்கள் நம் ஆபீசில் ஒருவர்கூட இல்லை என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்கும் மறுநாளும் போன் செய்தேன். அப்பா எடுக்கவில்லை. புதன்கிழமை மாலை அம்மா எடுத்தாள். அப்பா லீவு போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டாராம். ஏழு நாள் என்பது தபாலில் போட்ட தேதியிலிருந்து கணக்காம். தாளுக்கு அசையாதவன் ஆளுக்கு அசைவான் என்றாராம். "உங்கப்பா இதுவரைக்கும் பிடிச்சதை முழுசா வாங்கிட்டுத்தான் வருவேன்னு போயிருக்காரு. நானும் சித்திகிட்ட சொல்லிட்டேன்" என்றாள் அம்மா.

சித்திகிட்ட என்ன சொன்னாய் என்று கேட்டேன். சித்தி தையல் கடை போட இடம் பார்த்திருக்கிறாளாம். அட்வான்ஸ் குறைகிறதாம். கம்பெனிக்காரன் திருப்பித் தரும் பணம் வந்ததும் தருவதாக அம்மா வாக்குக் கொடுத்துவிட்டாள்.

இல்லாத பிடித்தத்துக்கு வாரிசும் பிறந்தாகிவிட்டது. சித்திக்கும் அட்வான்ஸ்தான், எனக்கும் அட்வான்ஸ்தான். இதில் யாரைத் திட்டுவது?

வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்கு கம்பெனி வாசலில் அப்பா நின்றுகொண்டிருந்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை, கையில் பிளாஸ்டிக் ஃபைல். காவலாளியோடு அதற்குள் சிநேகமாகி, எட்டு மணி நேரத்துக்கு மேல் நிற்க வைத்தால் என்ன சம்பளம் தரவேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. உடனே முகத்தை இறுக்கிக்கொண்டார். போராட்டத்துக்கு வந்திருக்கிறார் அல்லவா.

அவரைச் சுவரோரமாக, பழைய லிஃப்ட் கதவுகள் சாய்த்து வைத்திருக்கும் இடத்துக்குக் கூட்டிப்போனேன். சாப்பிட்டீர்களா என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டால் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

"அப்பா, அப்படி ஒரு பிடித்தமே இல்லை."

அவர் கண்கள் விரிந்தன. "ரத்து பண்ணிட்டாங்களா? பாத்தியா, மனு கைக்குப் போன உடனே ரத்து பண்ணிட்டாங்க."

"ரத்து பண்ணலப்பா. எப்பவுமே இல்லை. நான் சொன்ன பொய்."

அப்பா ஃபைலைத் திறந்தார். மனுவின் நகலை எடுத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரை, யாரோ எழுதியதைப் போலப் படித்தார். பணம் எங்கே, எதற்கு, எவ்வளவு என்று எதுவும் கேட்கவில்லை. விரல் கையெழுத்தில் போய் நின்றது.

"கீழ என் பேரு இருக்கே, பாப்பா."

நான் தரையைப் பார்த்தேன்.

"எத்தனையோ எழுதியிருக்கேன். தோத்திருக்கு. குப்பையில போட்டிருக்காங்க. ஒருத்தன் என் கண்ணு முன்னாடியே கிழிச்சான். ஆனா பொய்னு ஒருத்தன் சொன்னதில்ல."

அழுதிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். எனக்குக் கோபம்தான் வந்தது. கோபம்தான் எனக்கு எப்போதும் முதலில் வரும். மற்றதெல்லாம் அதன் பின்னால் வரிசையில் நிற்கும். முதல் மாதத்து ரொட்டி, அலமாரித் தட்டு, செருப்பு, ஏழு நிமிடக் குளியல் எல்லாவற்றையும் கொட்டினேன். எனக்கென்று உள்ளே போய்ச் சாத்திக்கொள்ள ஒரு கதவு வேண்டும், இருபத்துமூன்று வயதில் அது அதிகப்படியா என்று கேட்டேன். இல்லை என்று யாருக்கும் சொல்லத் தெரியாத வீட்டில் வேறு எப்படி மிச்சம் பிடிப்பது என்றும் கேட்டேன். காவலாளி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

எல்லாம் முடிந்த பிறகு அப்பா மெதுவாகச் சொன்னார். "என்கிட்ட மட்டும் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீங்க அம்மாகிட்ட சொல்லுவீங்க."

யோசித்தார். "சொல்லுவேன்" என்று ஒப்புக்கொண்டார்.

பிறகு ஃபைலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படியை நோக்கி நடந்தார். எங்கே என்றேன். தப்பாகக் குற்றம் சாட்டியாயிற்று, எழுத்தில் கொடுத்ததை எழுத்திலேயே திரும்ப வாங்க வேண்டும் என்றார். நான் சொல்லிக்கொள்கிறேன், வேண்டாம் என்று கையைப் பிடித்தேன். டயர் தூக்குகிற கை. நான் பிடித்தெல்லாம் நிற்காது.

மேடம் நாற்காலியைக் காட்டினார். அப்பா உட்காரவில்லை. தன் மகள் தந்த தகவல் தவறு என்றும், நிர்வாகத்தின் மேல் சாட்டிய குற்றத்தைத் திரும்பப் பெறுவதாகவும் சொன்னார். 'பொய்' என்ற சொல்லை அவர் உபயோகிக்கவில்லை என்பதைக் கவனித்தேன். நின்றபடியே மேசையில் தாளை வைத்து எழுத ஆரம்பித்தார். மெக்கானிக்குகள் இரண்டு பேர் கையெழுத்துப் போட வந்தவர்கள் போகாமல் நின்று வேடிக்கை பார்த்தார்கள். குழிக்குள் இறங்கும் வேலை அப்போதே ஏதாவது இருந்தால் ஓடிப்போய் இறங்கியிருப்பேன்.

மேடத்துக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். அவர் மனம் தேறட்டும் என்று என் சம்பளச் சீட்டை எடுத்து, பாருங்கள், அப்படி எதுவும் இல்லை என்று காட்டினார். அப்பா பேனாவை வைத்துவிட்டுச் சீட்டை வாங்கினார். என் சம்பளச் சீட்டை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. மேலிருந்து கீழே வந்த விரல் ஓரிடத்தில் நின்றது.

"இது என்னங்க, பா.உ., ஆறுல நாலாவது தவணை?"

"பாதுகாப்பு உபகரணம் சார். ஷூ, ஹெல்மெட்."

"யாரு போடுற ஷூ?"

"அவங்கதான். வேலையில."

"லிஃப்ட் குழிக்குள்ள இறங்கறப்போ போடுறது. சொந்தக்காரங்க வீட்டு விசேஷத்துக்குப் போட்டுட்டுப் போறதில்லையே?"

இங்கே பயிற்சியாளர்கள் பதினோரு பேர், எல்லாரிடமும் இப்படித்தான், ரொம்ப நாளாக நடப்பது என்றார் மேடம். சொல்லியிருக்கக் கூடாது. "எல்லார்கிட்டயுமா?" என்று அப்பா கேட்டபோது, வாசலில் தொலைந்துபோன ஏதோ ஒன்று அவர் முகத்துக்குத் திரும்பி வந்திருந்தது. இப்போது நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். திரும்பப் பெறும் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு முடித்த கையோடு அடுத்த தாளை எடுத்தார். 'பொருள்: வேலைக்கான பாதுகாப்புச் சாதனங்களுக்குத் தொழிலாளரிடமே விலை வசூலிப்பது குறித்து.' சிவப்புப் பேனாவைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தபோது மெக்கானிக்குகளில் ஒருவர் என்னிடம் குனிந்து, யார் இவர் என்று கேட்டார்.

"எங்கப்பா" என்றேன். சத்தமாகவே சொன்னேன்.

இது எனக்காக இல்லை, என் பெயரை இழுக்க வேண்டாம் என்று அப்பாவிடம் முணுமுணுத்தேன். உன் பெயர் எதற்கு, பதினோரு பேரிடம் பிடிக்கிறார்கள், பதினோரு பேரும் போடட்டும் என்று கீழே வரிசையாகப் பதினோரு கோடு போட்டு, எல்லாரிடமும் வாங்கி வரச் சொல்லி மெக்கானிக்கிடம் நீட்டினார். மேடம் தாளை எட்டிப் பார்த்துவிட்டு, யார் காதிலும் விழாத குரலில், "தேதி போடுங்க சார். தேதியில்லாத மனுவை மேல எடுத்துக்க மாட்டாங்க" என்றார். அந்த மனு அதன்பின் நாலு மாதம் மேசை மேசையாக உட்கார்ந்து எழுந்தது தனிக்கதை.

மத்தியானம் அரை நாள் லீவு கேட்டேன். கொடுத்தார்கள். கொடுக்காவிட்டால் மூன்றாவது மனு வரும் என்று பயந்தார்களோ என்னவோ.

வெளியே வந்து டீ குடிக்கும்போதுதான் அப்பா கேட்டார், அந்தக் காசு எதற்கு என்று. வாய் வார்த்தையாகச் சொல்ல விருப்பமில்லை. வாருங்கள் என்று கூட்டிப்போனேன்.

பன்னிரண்டு மாடி லிஃப்ட்டில் அப்பா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். இதை ஓட்டுவது நீயா என்றார். ஓட்டுவதில்லை, ஓட வைப்பது என்றேன். அந்த வித்தியாசம் அவருக்குப் பிடித்திருந்தது. டிப்போவிலும் அதே வித்தியாசம்தான். மொட்டைமாடியில் செயலாளர் காத்திருந்தார். மெலிந்த மனிதர், எதற்கும் அவசரப்படுகிறவர். தண்ணீர் கேன்காரர் காலையிலிருந்து மூன்று தடவை போன் செய்துவிட்டதாகச் சொன்னார்.

அப்பா அறைக்குள் போனார். ஜன்னலைத் திறந்தார், மூடினார். குழாயைத் திருகினார். சுவரில் காதை வைத்தார். அந்த நேரம் பார்த்து கீழே யாரோ லிஃப்ட்டைக் கூப்பிட, தரை உறுமியது. அப்பா பாதத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு மெஷின் ரூமைத் திறக்கச் சொன்னார். சாவி என்னிடம் இருந்தது. மோட்டார் நின்ற பிறகு குனிந்து, அடியில் இருந்த ரப்பர்க் கட்டையைக் கட்டை விரல் நகத்தால் அழுத்தினார்.

"செத்துப் போன ரப்பர்."

"அதைத்தான் நானும் அறிக்கையில எழுதியிருக்கேன்."

"நீ எழுதினியா?" திரும்பி என்னைப் பார்த்தார். "நல்ல டயர்ல வெட்டி நாலு துண்டு வச்சா—"

"அதெல்லாம் வைக்கக் கூடாதுப்பா. இதுக்குன்னு அளவு, கெட்டித்தன்மை எல்லாம் இருக்கு. கம்பெனி கட்டைதான் போடணும்."

"எனக்கே ரப்பர் பாடம் எடுக்கறியா?" என்றார். ஆனால் கட்டையிலிருந்து கையை எடுத்துவிட்டார். செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போது அப்பாவின் போன் அடித்தது. அம்மா. அப்பா எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். அப்படிப் பேசினால்தான் எதிராளி சொன்னதற்குச் சாட்சி இருக்கும் என்பது அவர் கொள்கை. மொட்டைமாடி முழுக்க அம்மாவின் குரல் கேட்டது. என்ன ஆச்சு, வாங்கியாச்சா, சித்தி இங்கேயே உட்கார்ந்திருக்கிறாள் என்றாள்.

அப்பா என்னைப் பார்த்தார். அறையைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"எங்க தர்றாங்க. நிர்வாகம் இழுத்தடிக்குது. இன்னும் ஒரு வருஷம் ஆகும்போல."

தெரிந்து ஒரு பொய் மனுகூட எழுதாதவர். அதற்குள் இவ்வளவு சரளமா என்று நான் அசந்து நின்றேன். நான் பார்ப்பதைப் பார்த்து, எழுத்தில் கொடுக்கவில்லையே என்பதுபோலக் கையை விரித்தார்.

அம்மாவின் குரல் மாறியது. "ஒரு வருஷமா? புள்ளை சம்பளத்தைப் பிடுங்கித் திங்கிற கம்பெனியில அவ ஒண்ணும் வேலை பாக்க வேணாம். கூட்டிட்டு வந்துடுங்க. இன்னைக்கே பெட்டியைக் கட்டச் சொல்லுங்க."

அப்பா திணறினார். மனு எழுத வரும்; பேச்சில் அம்மாவை எதிர்த்து அவர் எந்தக் காலத்திலும் ஜெயித்ததில்லை. அது வந்து, அப்படியில்லை, சட்டப்படி என்று வார்த்தைகளை வரிசையாகத் தேடினார். இந்தப் பொய்யை இன்னும் ஒரு அடி நீட்டினால் இந்த அறையில் நான் இருக்கப்போவதில்லை. வேலையோடு சேர்த்து மூட்டை கட்ட வேண்டியதுதான். போனைப் பிடுங்கினேன். ஸ்பீக்கரை அணைத்தேன்.

"அம்மா. பிடித்தமெல்லாம் ஒண்ணுமில்ல. நான்தான் எடுத்து வச்சேன்."

பாத்திரம் ஒன்று கீழே வைக்கப்படும் ஓசை மட்டும் கேட்டது.

"அப்போ காசு உன்கிட்டயா இருக்கு?"

"இருக்கு."

"சித்திக்கு—"

"இல்லம்மா. தர மாட்டேன். எனக்கு ஒரு ரூம் பாத்திருக்கேன். தனி ரூம். அதுக்கு அட்வான்ஸ். இன்னைக்குக் கொடுக்கணும்."

சொல்லிவிட்டேன். எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் சொல்லாத சொல். என் காது சுட்டது. அம்மா எழுந்து நடப்பது கேட்டது. கதவு ஒன்று சாத்தப்பட்டது. சித்தி இல்லாத இடத்துக்குப் போயிருக்கிறாள். திட்டுவதற்காக என்றுதான் நினைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். பதிலுக்குச் சொல்ல நானும் நாலைந்து தயாராக வைத்திருந்தேன்.

"ஏழு மாசமாவா?" என்றாள்.

"ஏழு மாசமா."

"என்கிட்ட சொன்னா பிடுங்கிக்குவேன்னு பயந்தியா?"

தயாராக வைத்திருந்தவற்றில் ஒன்றும் இதற்குப் பொருந்தவில்லை. ஆமாம் என்றேன்.

"பிடுங்கியிருப்பேன்தான்" என்றாள் அம்மா. ஒரு பெருமூச்சு விட்டாள். "சரி. சித்திகிட்ட கம்பெனிக்காரன் தரலைன்னே சொல்லிக்கறேன். அவ வேற வழி பாத்துக்குவா. என்ன ரூம் அது? எந்த மாடி?"

மொட்டைமாடி என்றேன். வெயில் அடிக்குமே என்றாள். அடிக்கும் என்றேன். பக்கத்தில் ஆள் புழக்கம் உண்டா, தண்ணீர் எந்நேரமும் வருமா என்றாள். பிறகு கேட்டாள்: "கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பா இருக்கா?"

திரும்பிக் கதவைப் பார்த்தேன். சாமான் போட்டு வைத்த அறை. வெளிப்பக்கம் பெரிய கொண்டி, பூட்டு மாட்டுவதற்கு. உள்பக்கம் வெறும் பலகை. எத்தனையோ தடவை வந்து பார்த்திருக்கிறேன். மோட்டாரைப் பார்த்தேன், ரப்பரைப் பார்த்தேன், ஜன்னலின் வெளிச்சத்தைப் பார்த்தேன். உள்ளே போய்ச் சாத்திக்கொள்ள ஒரு கதவு வேண்டும் என்று அப்பாவிடம் காலையில்தான் கத்தியிருந்தேன்.

"இல்லம்மா."

"அப்போ காசைக் கையில கொடுத்துடாத. தாழ்ப்பாளைப் போட்டுக் கொடுங்க, அப்புறம் தர்றேன்னு சொல்லு. காசு கைமாறின பிறகு எந்த வீட்டுக்காரன்டி ஆணி அடிப்பான்? உங்கப்பாவை விட்டுப் பேசச் சொல்லாத, அவரு மனு எழுத உக்காந்துடுவாரு. நீயே கேளு."

யாருக்கும் எதையும் நிறுத்தி வைத்துக் கொடுத்தறியாத என் அம்மாதான் இதைச் சொன்னாள்.

போனை அப்பாவிடம் கொடுத்தேன். பையிலிருந்து பாதி எடுத்திருந்த அட்வான்ஸ் கவரை உள்ளே தள்ளி ஜிப்பை இழுத்தேன். செயலாளரின் நீட்டிய கை அந்தரத்தில் நின்றது.

"உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லை" என்றேன். "போட்டுக் கொடுங்க. போட்ட உடனே கொடுத்துடறேன்."

அதெல்லாம் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், கேன்காரர் வேறு காத்திருக்கிறார் என்று ஆரம்பித்தார். கேன்காரர் இந்தச் சத்தத்தில் எத்தனை நாள் ஆள் வைப்பார் என்று கேட்டேன். ரப்பர்க் கட்டை மாற்றும் அறிக்கை என் கையெழுத்துக்குத்தான் காத்திருக்கிறது என்றும் சொன்னேன். அவர் அப்பாவைப் பார்த்தார், பெரியவர் ஏதாவது சமாதானம் சொல்வாரா என்று. அப்பா போனில் அம்மாவிடம், ஆமாம், கேட்டுவிட்டாள், ஆமாம், நிற்கிறாள் என்று நேர்முக வர்ணனை கொடுத்துக்கொண்டிருந்தார்.

செயலாளர் சலிப்போடு பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து, தச்சரின் எண்ணைத் தேட ஆரம்பித்தார்.